பெயரை மாற்றுவதென்றால் பெயரை மட்டும் மாற்றுங்கள்

எங்கள் பழைய ரெப்போவில் (நிரல் கோப்புகளின் களஞ்சியத்தில்) சென்ற வாரம் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். கோப்புகளின் பெயர்களும் உள்ளடக்கமும் ஒரே கமிட்டில், அதாவது குறிப்போடு பதிவாகும் ஒரே மாற்றத் தொகுப்பில், மாற்றப்பட்டன. ரிவ்யூவில் நான் தெரிவித்த ஆட்சேபம் "பழமைவாதம்" என்று ஒதுக்கப்பட்டது. அந்தச் சொல் என்னைப் புண்படுத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் காரணத்தைத்தான் பேச வேண்டும்.

ஒரு கோப்பின் பெயர் மாறியது என்ற தகவலை, நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருள் எங்கும் பதிவு செய்வதில்லை. ஒரு கோப்பு போய் இன்னொன்று வந்திருப்பதை மட்டுமே அது அறியும். வரலாற்றை நாம் கேட்கும்போதுதான் இரண்டையும் ஒப்பிட்டு, பொதுவாக 50 சதவீதமாவது ஒத்திருந்தால், பெயர் மாறிய அதே கோப்பு என்று ஊகிக்கிறது. பெயரோடு சேர்த்து உள்ளே இருப்பதையும் பெருமளவு திருத்திவிட்டால் அந்த ஊகம் பொய்த்துவிடும். எந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார், எந்தக் கமிட்டில் என்று காட்டும் பிளேம் கட்டளையைப் போட்டால், ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பெயர் மாற்றியவரே நிற்பார். அதனால்தான் சொல்கிறேன், பெயர் மாற்றம் தனிக் கமிட்டாக இருக்க வேண்டும்.

இப்போது மாற்றப்பட்டவற்றுள் எக்செல் தேதிகளைப் படிக்கும் கோப்பும் ஒன்று. எக்செல் தேதிகளை 1900 தொடக்கத்திலிருந்து எண்ணும் நாள் எண்களாகவே வைத்திருக்கும். அந்தக் கோப்பில் "எண் 60ஐத் தாண்டினால் ஒன்றைக் கழி" என்றொரு நிபந்தனை உண்டு. முன்பு அதை நீக்கச் சொல்லி ஒருவர் கேட்டபோது பிளேம் போட்டுப் பார்த்தேன். 1900 லீப் ஆண்டு அல்ல என்றாலும், லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளுடன் ஒத்துப்போவதற்காக எக்செல் அதை லீப் ஆண்டாகவே கணக்கிடுகிறது என்றும், இல்லாத பிப்ரவரி 29தான் அந்த 60 என்றும், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர் கமிட் குறிப்பில் பொறுமையாக எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பினால்தான் அந்த வரி பிழைத்தது. இன்று அதே வரிக்குப் பிளேம் போட்டால் "பெயர்களைச் சீராக்கினேன்" என்றுதான் வருகிறது.

பெயர் மாறிய பிறகும் வரலாற்றைத் தொடர்ந்து காட்ட கிட்டின் லாக் கட்டளையிலேயே வசதி உண்டே என்பார்கள். அதுவும் இதே ஊகத்தை நம்பித்தான் இயங்குகிறது. தவறான பெயர் புதியவரைக் குழப்பும் என்பது நியாயமான வாதம். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் 64 பிட் விண்டோஸில்கூட 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32 என்ற கோப்புறையில்தான் இருக்கின்றன. பெயர் பொருந்தவில்லை என்று தெரிந்தும், அந்தப் பாதையை நம்பி எழுதப்பட்ட நிரல்களுக்காக அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். அவர்களையும் பழமைவாதிகள் என்பீர்களா?

பழைய வெளியீட்டுக் கிளைக்கு ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்துச் சேர்க்க (செர்ரி பிக் செய்ய) நேரும்போது, அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்று கான்ஃபிளிக்ட், அதாவது முரண், வந்து நிற்கும். அதைத் தீர்க்க உட்காரப்போவது பெயரை மாற்றியவர் அல்ல, நாங்கள். பல ஆண்டுகளாக ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதி வைத்தவர்களின் உழைப்பு, ஒரே மதியத்தில் கைக்கெட்டாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கமிட்டை ரிவர்ட் செய்துவிட்டு (திருப்பி எடுத்துவிட்டு), முதலில் பெயர் மாற்றத்தையும் அதற்குத் தேவையான, கோப்புகளைப் பெயரால் அழைக்கும் இம்போர்ட் வரிகளையும் மட்டும் ஒரு கமிட்டாகவும், உள்ளடக்கத் திருத்தங்களை அடுத்த கமிட்டாகவும் அனுப்புங்கள். முதல் ஒப்புதலை நானே தருகிறேன்.