ஒட்டியும் ஒட்டாமலும்

இடம்: வேலூர், காட்பாடி சாலையில் உள்ள ஒரு சிறிய ஸ்டிக்கர் கடை.

காலம்: அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம், காலை பதினொரு மணி. (இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதைவிடப் பழைய புகழுடைய வேலூர் வெயிலுக்கு அதை ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்பது தெரியவில்லை.)

பாத்திரங்கள்: தணிகாசலம், சத்துவாச்சாரியில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். ரேவதி, கடையின் உரிமையாளர்.

தணிகாசலம்: ரேவதி, நீ செய்து கொடுத்த மேக்னட் போர்டு என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டது. எனக்கு ஒரு நியாயம் கிடைக்காமல் இன்றைக்கு இந்த இடத்தை விட்டு நகரப்போவதில்லை.

ரேவதி: முதலில் மின்விசிறிக்கு நேராக உட்காருங்கள் அண்ணா, நியாயம் எங்கும் ஓடிவிடாது. வண்டியின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு போர்டு கொடுத்திருந்தேனே, அவை எங்கே?

தணிகாசலம்: ஒன்று இதோ. (நான்காக மடித்த காந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கிறார்.) மற்றொன்று பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி ஆம்பூர் போகும் வழியில் காற்றோடு போய்விட்டது. போனது போய்த் தொலைந்திருந்தாலாவது நிம்மதி. அதை யாரோ ஒரு புண்ணியவான் எடுத்து, கழிவுநீர் அள்ளும் லாரியின் தொட்டிமேல் ஒட்டிவைத்திருக்கிறான்.

ரேவதி: சமையல் போர்டையா?

தணிகாசலம்: சிரிக்காதே அம்மா. நேற்று சாயிநாதபுரத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்து, ‘நிறைந்துவிட்டது, உடனே வாருங்கள்’ என்றார். மண்டபம் நிறைந்து பந்தியில் சாப்பாடு போதவில்லை என்றுதான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ‘எத்தனை பேர் அம்மா?’ என்று கேட்டேன். ‘வீட்டில் நாங்கள் எட்டுப் பேர், அதனால்தான் இவ்வளவு சீக்கிரத்தில் நிறைந்துவிட்டது’ என்றார். எட்டுப் பேருக்கெல்லாம் நாங்கள் வருவதில்லை, குறைந்தது ஐம்பது பேராவது இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அந்த அம்மாள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அவ்வளவு பெரிய தொட்டி எங்கள் வீட்டில் இல்லையே’ என்றார்.

ரேவதி: போர்டில்தான் மேலே பெரிய எழுத்தில் ‘கல்யாணச் சமையல்’ என்று அச்சடித்திருந்தேனே, அதைப் படித்துவிட்டுமா கூப்பிடுகிறார்கள்?

தணிகாசலம்: நீயே விரித்துப் பார்.

(ரேவதி தாளை விரிக்கிறார். மடிப்பு விழுந்த இடங்களில் மேற்பூச்சு வெடித்து நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. சிவப்பில் இருந்த முதல் வரி இருந்த இடமே தெரியவில்லை. கறுப்பில் இருந்தவை மட்டும் கண்ணைப் பறிக்கின்றன: ‘அழைத்தால் உடனே வருவோம். எத்தனை பேர் என்றாலும் கவலை வேண்டாம். சுத்தமே எங்கள் குறிக்கோள்.’ கீழே கைபேசி எண்.)

ரேவதி: அந்த லாரிக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை அண்ணா. அவருடைய தொழிலுக்கென்றே எழுதியதைப்போல் இருக்கிறது. வெயிலில் முதலில் வெளுத்துப்போவது சிவப்பும் மஞ்சளும்தான், கறுப்பும் நீலமும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். கறுப்பிலேயே எல்லாவற்றையும் போடலாம் என்று நான் சொன்னபோது, கல்யாணக் காரியத்தில் கறுப்பு ஆகாது என்று நீங்கள்தான் தடுத்தீர்கள். இருக்கட்டும். இதை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழற்றினீர்கள்?

தணிகாசலம்: கழற்றுவதா? ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவியபோது ஒருமுறை கழற்றினேன்.

ரேவதி: அதற்கு முன்பும் பின்பும்?

தணிகாசலம்: கழற்றுவதற்கு எதற்காக ஒட்டவேண்டும்?

ரேவதி: ஒட்டிவிட்டால் கழற்ற முடியாது என்பதற்காகத்தானே சாதாரண ஸ்டிக்கர் வேண்டாம் என்று கூடுதல் பணம் கொடுத்து இதை வாங்கினீர்கள்? உங்கள் சம்பந்தியும் சமையல் தொழிலில் இருக்கிறார், அவர் வீட்டு வாசலில் இந்த விளம்பரத்தோடு வண்டியை நிறுத்தினால் மகள் வாழ்க்கைக்கே ஆபத்து என்று இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னீர்கள்.

தணிகாசலம்: சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது போர்டுமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன்.

ரேவதி: (சற்று நேரம் கண்ணை மூடித் திறந்து) வாருங்கள், வண்டியைப் பார்ப்போம்.

(இருவரும் வெளியே வருகிறார்கள். கருநீல ஆம்னி வேன் வெயிலில் நிற்கிறது. வலது பக்கத்துக் கதவில் இரண்டடிக்கு ஓரடி அளவில் பளிச்சென்ற நீலக் கட்டம் ஒன்றும், அதன் கீழ் விளிம்பில் மண்ணும் துருவும் கலந்த ஒரு கோடும் தெரிகின்றன.)

தணிகாசலம்: பார்த்தாயா, உன் போர்டு என் கதவின் நிறத்தை மாற்றிவிட்டது.

ரேவதி: நிறம் மாறாமல் இருப்பது அந்தக் கட்டம் மட்டும்தான் அண்ணா. போர்டு மூடியிருந்த இடத்தில் வெயில் படவில்லை, மீதி வண்டி முழுவதும் வெளுத்துவிட்டது. விளம்பரம் தேவைப்படாத நாள்களில் எடுத்து வைத்திருந்தால் இந்த வேறுபாடு இவ்வளவு தூரம் தெரிந்திருக்காது. கீழே இருக்கும் துரு வேறு கதை. மழைத் தண்ணீர் தாளுக்கும் தகட்டுக்கும் நடுவில் இறங்கினால் தானாக வெளியே வராது, அதோடு பாலாற்று மணலும் சேர்ந்துகொண்டால் வண்டி குலுங்கும்போதெல்லாம் பெயின்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

தணிகாசலம்: பாலாற்றில் தண்ணீர்தான் வருவதில்லை, மணலாவது வருகிறதே. அதை விடு. கீழே விழுந்தது இடது பக்கத்துப் போர்டு. அதற்கு என்ன பதில்?

ரேவதி: இந்த இடது பக்கத்துக் கதவில் சிறிய காந்தத்தை வைத்துப் பார்க்கிறேன். இங்கே பிடிக்கிறது. இங்கே, கைப்பிடிக்குக் கீழே, வழுக்கிக்கொண்டு போகிறது. இந்த இடத்தில் டிங்கரிங் நடந்திருக்கிறதா?

தணிகாசலம்: லாங் பஜாரில் ஒரு கைவண்டிக்காரன் இடித்துவிட்டான். தட்டி எடுத்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். மறுநாள் காட்பாடியில் ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால் காலையிலேயே போர்டை ஒட்டிவிட்டேன்.

ரேவதி: பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பசைதானே அண்ணா, இரும்பு இல்லையே. அது கனமாக இருக்கும் இடத்தில் காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும், பிடிமானம் பாதிகூட இருக்காது. புதிய பெயின்ட் உள்வரை இறுகுவதற்கு 90 நாள், மேலே அடிக்கும் கிளியர் கோட்டுக்கு 60 நாள், மெழுகு பாலிஷுக்கே 2 நாள் விடவேண்டும் என்று இந்தத் தாளைச் செய்கிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். நீங்கள் ஓர் இரவு விட்டிருக்கிறீர்கள். அது சரி, போர்டை எந்த இடத்தில் ஒட்டினீர்கள்?

தணிகாசலம்: நட்டநடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. பாதி தள்ளுகதவிலும் பாதி பின்பக்கத் தகட்டிலும்.

ரேவதி: அப்படியென்றால் கதவைத் திறந்தால்?

தணிகாசலம்: மடங்கும். நான் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிடுவேன்.

ரேவதி: ஒவ்வொரு முறையுமா?

தணிகாசலம்: அண்டா, குண்டா, கரண்டி எல்லாவற்றையும் இறக்கி ஏற்றவேண்டுமே அம்மா. ஒரு முகூர்த்தத்துக்குக் கதவை எத்தனை முறை திறக்கிறோம் என்று யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

ரேவதி: தாள் முழுவதும் தகட்டோடு படிந்திருக்க வேண்டும், இடுக்கிலோ பட்டையிலோ கைப்பிடியிலோ ஏறக்கூடாது என்பதுதான் இதற்கு இருக்கிற முதல் விதி. ஓரம் ஒரு நூல் அளவு தூக்கினாலும் போதும், நெடுஞ்சாலையில் நீங்கள் போகிற வேகத்தில் காற்று அதற்குள் விரலைவிட்டு உரித்துவிடும். மூலைகளை நான் வட்டமாக வெட்டிக் கொடுத்ததுகூட அதற்காகத்தான்.

தணிகாசலம்: இதெல்லாம் சாக்கு. போர்டில் சக்தியே இல்லை என்பதை நான் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன். எவர்சில்வர் அண்டாவில் வைத்தேன், விழுந்தது. அலுமினியத் தேக்சாவில் வைத்தேன், விழுந்தது. இட்லிக் கொப்பரையில் வைத்தேன், அதுவும் விழுந்தது. மூன்று பாத்திரம் பொய் சொல்லுமா?

ரேவதி: பாத்திரங்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. அலுமினியத்தில் எந்தக் காந்தமும் ஒட்டாது. எவர்சில்வரில் இரும்பு இருந்தாலும், குரோமியமும் நிக்கலும் சேர்த்து உருக்கிய நல்ல ரகப் பாத்திரம் காந்தத்தை அண்டவிடாது. நீங்கள் நல்ல பாத்திரமாக வாங்கியிருக்கிறீர்கள் என்று மகிழ்ச்சி அடையவேண்டியதுதான்.

தணிகாசலம்: (முகம் மலர்ந்து) அந்த அண்டா ஒவ்வொன்றும் நானே நின்று தட்டிப் பார்த்து வாங்கியது. சரி, பையனுக்காக வாங்கிய ‘எல்’ போர்டும் பின்னால் நிற்கவில்லையே?

ரேவதி: எங்கே வைத்தீர்கள்?

தணிகாசலம்: நம்பர் பிளேட்டின்மேல்.

ரேவதி: இப்போது வரும் உயர் பாதுகாப்பு எண் பலகை முழுக்க அலுமினியத் தகடு. ஒட்டியிருந்தால்தான் வினை, நம்பரை மறைத்ததற்குப் போக்குவரத்துக் காவலர் அபராதம் போட்டிருப்பார். ‘எல்’ போர்டு 18 சென்டிமீட்டர் சதுரமாக, வெள்ளையில் சிவப்பு எழுத்தாக முன்னாலும் பின்னாலும் தெரியவேண்டும் என்பது சட்டம். பம்பரும் பிளாஸ்டிக் என்றால் பிடிக்காது, பின்கதவின் இரும்புத் தகட்டில்தான் வைக்கவேண்டும்.

தணிகாசலம்: பிறகு அங்கேதான் வைத்தேன். நன்றாகவே பிடித்துக்கொண்டது. பையனுக்கு லைசென்ஸ் வந்த பிறகும் அதை எடுக்க மறந்துபோய், வாலாஜாபேட்டையில் பெண் வீட்டாரிடம் முன்பணம் வாங்கப் போனேன். பெண்ணின் தாய்மாமன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ‘சமையலும் இப்போதுதான் பழகுகிறீர்களா?’ என்று கேட்டார்.

ரேவதி: அதையும் கழற்றவில்லை! (உள்ளே வந்து அமர்ந்தபின்) ஆயுத பூஜைக்குக் கழற்றினேன் என்றீர்களே, அப்போது எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?

தணிகாசலம்: எங்கள் தொழிலில் சுத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாத்திரம் தேய்க்கும் தூளைப் போட்டு, கம்பி நாரால் அழுத்தித் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசினேன்.

ரேவதி: ஐயோ அண்ணா! கொஞ்சம் சோப்புத் தண்ணீர், ஒரு மென்மையான துணி, அவ்வளவுதான். போர்டின் இரண்டு பக்கத்தையும் துடைக்கவேண்டும், அது உட்காரும் தகட்டையும் துடைக்கவேண்டும், மூன்றும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்ப வைக்கவேண்டும். தின்னர், மண்ணெண்ணெய், கம்பி நார் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது. பிறகு எங்கே வைத்தீர்கள்?

தணிகாசலம்: இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டிவைத்தேன். என்ன ஓர் ஒற்றுமை தெரியுமா, பிரிக்கவே முடியவில்லை. இழுத்தபோது கடகடவென்று சத்தம் வேறு.

ரேவதி: அந்தச் சத்தம்தான் காந்தம் அழிகிற சத்தம். ஃபெரைட் என்கிற தூளை ரப்பர் மாதிரியான பொருளில் பிசைந்து, முக்கால் மில்லிமீட்டர் கனத்துக்குத் தகடாக்கி, அதில் வடக்கும் தெற்கும் அடுத்தடுத்து வரும்படி கோடு கோடாகக் காந்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து உரசினால் அந்தக் கோடுகள் ஒன்றையொன்று கலைத்துவிடும். மடிப்பதும் கூடாது. வீட்டுக்குள் சமதளத்தில் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து வெளிப்பக்கம் தெரிகிறபடி தளர்வாகச் சுருட்டி வைக்கவேண்டும். வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் வண்டியிலேயே நாள் முழுவதும் விட்டுவிட்டால் ரப்பர் இளகிப் பெயின்டோடு உறவு கொண்டாட ஆரம்பித்துவிடும். சுமார் 70 டிகிரிதான் இதற்கு எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாத மதியத்தில் வேலூரில் நிழலில்லாமல் நிற்கிற கருநீலக் கதவு அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இல்லை.

தணிகாசலம்: ஒரு போர்டுக்கு இத்தனை பணிவிடையா? மாப்பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை. எனக்கென்னவோ நீ உன் சரக்கின் குறையை மறைக்க என்மேல் பழியைப் போடுகிறாய் என்றுதான் தோன்றுகிறது. நல்ல போர்டு என்றால் எந்த வண்டியிலும் நிற்கவேண்டாமா?

(அவருடைய கைபேசி ஒலிக்கிறது.)

தணிகாசலம்: இதோ, அடுத்த தொட்டி. (எடுத்து) வணக்கம், தணிகாசலம் பேசுகிறேன். நாங்கள் அந்த வேலை செய்வதில்லை... யார்? லாரி டிரைவரா? நீதானா அப்பா அந்தப் புண்ணியவான்! (ரேவதியிடம்) கழிவுநீர் லாரிக்காரன். சாலையில் கிடந்ததாம், வேறு வண்டி ஏறி வீணாகிவிடுமே என்று எடுத்து, உரியவர் கண்ணில் படட்டும் என்பதற்காகத் தொட்டிமேல் வைத்தானாம்.

ரேவதி: நல்ல மனிதராக இருக்கிறாரே. இத்தனை நாளில் ஒருமுறையாவது விழுந்ததா என்று கேளுங்கள்.

தணிகாசலம்: ஏனப்பா, அது அடிக்கடி விழுகிறதா?... ஒருமுறைகூட விழவில்லையா? ஓரம்கூடத் தூக்கவில்லையா? அப்படி என்னதான் செய்கிறாய் அதை?... (குரல் மெல்லக் குறைகிறது.) தினமும் சாயங்காலம் கழற்றிவிடுகிறாயா... தொட்டியைக் கழுவி... போர்டையும் சோப்புப் போட்டுத் துடைத்து... ஈரம் போன பிறகு... சரி. சரியப்பா. வந்து வாங்கிக்கொள்கிறேன்.

(போனை வைக்கிறார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.)

ரேவதி: அண்ணா, தவறாக நினைக்காதீர்கள். வருகிற வைகாசியில் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. அந்த டிரைவருக்குச் சமையல் தெரியுமா என்று கேட்டுச் சொல்கிறீர்களா?