கேம் கேசட்டை ஓட வைத்தது நம் மூச்சு இல்லை

"பழைய வீடியோ கேம் கேசட்டை வாயால் ஊதினால் தூசி பறந்துவிடும், அதனால்தான் கேம் ஓடியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் கன்னம் வலிக்க ஊதியவன்தான். ஆனால் காரணம் அது இல்லைங்க.

கேசட்டின் அடியில் வரிசையாக உலோகப் பட்டைகள் இருக்கும். மெஷினுக்குள் இருக்கும் பின்கள் அவற்றைச் சரியாகத் தொட்டால்தான் படம் வரும். 1985-இல் அமெரிக்காவில் வந்த நின்டெண்டோ நிறுவனத்தின் வீடியோ கேம் மெஷினில் கேசட்டை முன்பக்கமாகச் செருகி, கீழே அமுக்க வேண்டும். உள்ளே இருந்த 72 பின்களும் நாளாக நாளாகத் தளர்ந்துபோகும். உடனே திரை விட்டுவிட்டு மினுக்க ஆரம்பிக்கும். கழற்றி மறுபடி மாட்டும்போது பின்கள் கொஞ்சம் இடம் மாறித் தொடும், சில நேரம் சரியாகவும் அமைந்துவிடும். நடுவில் நாம் ஊதியதால் பேர் ஊதலுக்குப் போய்விட்டது!

உண்மையில் வாய் ஈரம் படப்பட அந்தப் பட்டைகள் கெட்டுப்போகும். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே சொன்னது. இன்னும் பரணில் கேசட் வைத்திருப்பவர்கள் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்ற துடைக்கும் திரவத்தைத் தொட்டுத் துடையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.