தட்டில் அளவைக் குறைத்தால் செலவு குறைந்துவிடாது

"தட்டுக்குக் கால் பங்கு குறைத்து வைத்தால் மருத்துவமனைச் சமையலறைச் செலவும் கால் பங்கு குறையும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அப்படி வராது. மளிகையும் காய்கறியும் செலவில் ஒரு பகுதிதான். ஆள் சம்பளம், பாத்திரம் கழுவுவது எல்லாம் தட்டில் எவ்வளவு வைத்தாலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அப்புறம், பணம் எங்கே வீணாகிறது என்று தெரிய வேண்டுமானால், சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்பி வரும் தள்ளுவண்டியைப் பாருங்கள். காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டவருக்கு அனுப்பிய தட்டும், அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவருக்குப் போன தட்டும் மூடியைக்கூடத் திறக்காமல் வந்திருக்கும். வார்டுக்குப் போய் வந்ததை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது, குப்பைக்குத்தான். அடுப்பு பற்றவைக்கும் முன்பும் பரிமாறும் முன்பும் வார்டிலிருந்து சரியான எண்ணிக்கை வந்தாலே இதில் பெரும்பகுதி நின்றுவிடும், ஆனால் அதற்கு யாராவது போன் செய்து கேட்க வேண்டுமே! சும்மா அளவை மட்டும் குறைத்தால், ஏற்கெனவே பசியே இல்லாமல் கிடப்பவர் இன்னும் குறைவாகச் சாப்பிடுவார். ஊட்டச்சத்து குறைந்தால் புண் ஆறத் தாமதமாகும், படுக்கையில் இருக்கும் நாட்களும் கூடும். சிறியது, பெரியது என்று இரண்டு அளவு வைத்து நோயாளியையே கேட்பது வேறு விஷயம். அதற்கு நானும் சரி என்பேன்.