பார் தேர்வும் ஜூனியர் சம்பளமும்

சட்டப் படிப்பை முடித்த நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் இன்பாக்ஸில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, பார் எக்ஸாமுக்கு எந்த கோச்சிங் சேரலாம்?" வக்கீல் தொழில் செய்யப் பாஸாக வேண்டிய அகில இந்திய பார் தேர்வைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, பொதுவில் சொல்லிவிடுகிறேன். எந்த கோச்சிங்கும் வேண்டாம்.

நூறு கேள்வி, நெகட்டிவ் மார்க் கிடையாது. பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் எடுத்தால் பாஸ். தமிழிலும் எழுதலாம். குறிப்புரை இல்லாத பேர் ஆக்ட்டை, அதாவது சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தை, கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். தேர்வுக் கட்டணமே ஆயிரக்கணக்கில் போகிறது, அதற்கு மேல் கோச்சிங்குக்கும் ஏன் கொட்ட வேண்டும்?

ஒரே ஒரு எச்சரிக்கை. சீனியரின் அலமாரியில் இருக்கும் பழைய பேர் ஆக்ட்டை இரவல் வாங்கிப் படிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் மூன்று குற்றவியல் சட்டங்களும் புதுசு. கோர்ட்டு வராண்டாவில் இன்னும் எல்லோரும் கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்றுதான் பிரிவு எண் சொல்கிறோம், ஆனால் புதுச் சட்டத்தில் அவை 103, 318. இதைவிடக் குழப்பம் 482. முன்பு அது வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. இப்போது அதே எண் முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போய்விட்டது. எங்களுக்கே நாக்கு தடுமாறுகிறது.

சரி, பாஸ் ஆகிவிடுவீர்கள். இந்தத் தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடத்த வக்கீல்களுக்கான அமைப்பான பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் வக்கீலின் தரத்தை இது வடிகட்டுகிறது என்பார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. டெல்டாவில் இளம் வக்கீலை வடிகட்டுவது பணம்.

நம்ம ஊர் கோர்ட்டில் ஓடுவது பெரும்பாலும் மண் வழக்கு. பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு, கோயில் நிலம், மடத்து நிலம், அடிமனை. மஞ்சள் பையில் தாத்தா காலத்துக் குத்தகை ரசீது, அடங்கல் நகல், மடிப்பில் கிழிந்த பட்டா எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்து உட்காருவார். "காலி பண்ணச் சொல்றாங்க தம்பி." அவருக்குப் பதில் சொல்ல 1955இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தெரிய வேண்டும். கோயில், மடம் என்றால் 1961இன் பொது அறக்கட்டளை நிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். எதை சிவில் கோர்ட்டில் போடுவது, எதை வருவாய் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது என்று தெரிய வேண்டும். அகில இந்தியத் தேர்வில் நில எடுப்புச் சட்டத்துக்கே இரண்டு கேள்விதான், நம்ம குத்தகைச் சட்டம் எங்கிருந்து வரும்? நாடு முழுக்க ஒரே தாள் என்றால் அப்படித்தான் இருக்கும். இதையெல்லாம் சீனியர் ஆபீஸில் கேஸ் கட்டைப் பிரித்துப் படித்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு வருடக் கணக்கில் ஆகும்.

அந்த வருடங்களில் சோறு யார் போடுவது?

பல ஆபீஸ்களில் இன்றைக்கும் ஜூனியருக்குக் கிடைப்பது பஸ் காசு, பண்டிகைக்கு ஒரு கவர். காலையில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாய்தா வாங்கி, மதியம் நகல் மனு போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் சீனியர் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்பிள்ளைகள்தான் முதலில் கழன்றுகொள்கிறார்கள். அப்புறம் பார்த்தால் வங்கியிலோ ஏதாவது கம்பெனியிலோ இருப்பார்கள். "நாங்களெல்லாம் அப்படித்தான் வந்தோம்" என்பார்கள் சீனியர்கள். வந்தீர்கள் சார், வீட்டில் நாலு வேலி நிலம் இருந்தது. இன்றைக்கு வரும் பையனின் அப்பாவே குத்தகைக்காரர்.

ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எத்தனை ஆபீஸில் நடக்கிறது? சின்ன ஊரில் சீனியருக்கே வரும்படி மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து முடியாவிட்டால் எட்டு கொடுங்கள். ஆனால் மாதம் பிறந்தால் கைக்கு வரவேண்டும்.

சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடப் பிராக்டிஸ் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. கோர்ட்டு அனுபவம் இல்லாத நீதிபதி வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மூன்று வருடத்தைச் சம்பளமில்லாமல் தள்ள யாரால் முடியுமோ அவர்தான் இனி பெஞ்சுக்கும் போவார்.

எனவே தம்பிகளே, தங்கைகளே, பார் தேர்வு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் முதலில் பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகப் பதிவைப் போடுங்கள். அந்த மூன்று வருடம் பதிவுத் தேதியிலிருந்துதான் ஓடும், பார் தேர்வு பாஸான தேதியிலிருந்து அல்ல. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பே இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். அப்புறம், தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி எங்கே சேர்ந்தாலும் மாதம் எவ்வளவு என்று முதல் நாளே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளிக்கும் ஆபீஸ் என்றால் அடுத்த ஆபீஸ் படியேறுங்கள். ஒழுங்காக மாதச் சம்பளம் கொடுக்கும் சீனியர்களும் இதே ஊர்களில் இருக்கிறார்கள்.