ஆற்றுக்கு அடியில் போகும் படகு

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஓடும் நியூ ரிவரில் பேரலைகளைத் தாண்டும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகுகளைப் பற்றி உங்கள் கட்டுரையில் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதே ஆற்றில் ஓடும் ஸ்குவர்ட் படகையும் சேர்த்திருக்கலாம். எனக்கு அதுதான் உயிர். சட்டை தைப்பது மாதிரி, ஓட்டுபவரின் எடைக்கும் கால் நீளத்துக்கும் அளவெடுத்துச் செய்யும் தட்டைப் படகு. ஆள் உட்கார்ந்தால் மேல்தளம் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். பாய்ந்து வரும் நீரும் சுழித்துத் திரும்பும் நீரும் உரசும் கோட்டில் முனையைச் சரியாகச் சாய்த்தால், ஆறு படகோடு ஆளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் இடுப்பு, அப்புறம் தோள், கடைசியாக ஹெல்மெட். சில நொடிகள் அடியில் சுழன்றுவிட்டுத் தள்ளிப் போய் மேலே வருவார்கள். இந்த வித்தைக்கு 'மிஸ்டரி மூவ்' என்று பெயர். 1980களில் ஜிம் ஸ்னைடர் போன்ற படகோட்டிகள் வளர்த்த கலை இது. இதற்குப் பேரலை தேவையே இல்லை, நல்ல சுழி போதும். தனிக் கட்டுரையாகவே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.