கால்வாய்க்கரையை விட வெள்ளைக் கோட்டுச் சாலைகள் மேல்
பிரான்சில் வாகனத் தொல்லையில்லாமல் ரோடு சைக்கிள் ஓட்ட, நாட்டின் தெற்கே உள்ள கனால் து மிதி கால்வாயின் கரைதான் சிறந்தது என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. துலூஸ் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் நல்ல தார்ப்பாதை, சரி, அப்புறம் மண்ணும் கல்லும் மரவேரும்தான், ஒல்லி டயரோடு போனால் இடுப்பு கழன்றுவிடும். அமைதிக்குத் தனிப்பாதையே வேண்டியதில்லை, மிஷ்லின் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் பெரிய சாலைகளைக் காட்டும் சிவப்பு, மஞ்சள் கோடுகளை விட்டுவிட்டு, சின்னச் சாலைகளைக் காட்டும் வெள்ளைக் கோடுகளைப் பிடியுங்கள், க்ரூஸ் மாதிரி ஆள் குறைந்த மாவட்டங்களில் எப்போதாவது ஒரு டிராக்டர் வரும், அவ்வளவுதான். மதியம் 12 முதல் 2 வரை ஊரே சாப்பாட்டில் இருப்பதால் அதுவும் வராது (கடையும் மூடியிருக்கும், தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக் குழாய்தான் கதி). கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் கார்கள் உரசிப் போகுமே என்று கேட்டிருக்கிறார்: ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம், கிராமத்துப் பக்கம் பெரும்பாலும் மதிக்கிறார்கள்.