முடிச்சை இறுக்கிய கை

ஜேம்ஸ் கேமரூன் இயக்கி 1997-இல் வெளிவந்த ‘டைட்டானிக்’ படத்தை நான் முதன்முதலில் பார்த்தது கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டினத்தில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில். படம் ஆங்கிலத்தில் ஓடியது. பக்கத்தில் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு, எனக்குப் புரிந்தவரை தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கதாநாயகி ரோஸின் தாய் ரூத், வேலைக்காரப் பெண்ணைத் தேநீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, மகளின் முதுகுப்பக்கம் நின்று அவளது கச்சின் கயிற்றைத் தானே இழுத்து இறுக்கும் காட்சி வந்தது. உன் அப்பா கடனைத்தான் வைத்துவிட்டுப் போனார், நம்மிடம் மிஞ்சியிருப்பது குடும்பப் பெயர் ஒன்றுதான், நான் தையல்காரியாகப் பிழைப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறாயா என்று அவள் மகளிடம் கேட்கிறாள். நான் அதைச் சொன்னதும் மிதித்துக்கொண்டிருந்த அம்மாவின் கால் நின்றது. “தைச்சுப் பொழைக்கிறது அவ்வளவு கேவலமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கப்பல் மூழ்கியபின் கடலில் மிதந்த கதவில் ரோஸுக்கும் அவளது ஏழைக் காதலன் ஜாக்குக்கும் இடம் இருந்ததா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். என் மனத்தில் நிற்பது அந்தக் கயிறுதான். காதலுக்கு எதிராக நிற்பது பணக்கார மாப்பிள்ளையின் திமிர் என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். அந்தத் திமிர் படத்தில் இருக்கிறது, கையில் துப்பாக்கியோடு துரத்தவும் செய்கிறது. ஆனால் ரோஸை உண்மையில் கட்டிப்போட்டிருப்பது, இருக்கும் இடத்திலிருந்து கீழே விழுந்துவிடுவோமோ என்று நடுங்கும் ஒரு தாயின் பயம். இது அநியாயம் என்று மகள் சொல்லும்போது ரூத் மறுக்கவில்லை. நாம் பெண்கள், நமக்கு எதுவும் எளிதாக அமையாது என்று சொல்லிவிட்டு, மீண்டும் கயிற்றை இழுக்கிறாள்.

வர்க்கம் என்பது அந்தக் கப்பலில் உடையிலும் உணவிலும் மட்டும் இருக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பயணிகளைத் தடுப்புக் கதவுகள் வைத்துப் பிரித்திருந்ததற்கு அன்றைய அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும் ஒரு காரணம். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கியபோது சுமார் 1,500 பேர் இறந்தார்கள். முதல் வகுப்பில் பத்தில் ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். அந்தக் கீழ்த்தளத்துக்கு மகள் இறங்கிவிடுவாளோ என்றுதான் ரூத் அஞ்சினாள்.

என் பெரியப்பா மகளின் கல்யாணத்தின்போது கயிற்றை இறுக்கும் அந்தக் காட்சியை நான் நேரில் பார்த்தேன். பெரியப்பாவுக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா ரகம். சீசனில் காய்களை மாங்கூழ் ஆலைக்கு ஏற்றிச்செல்லும் வண்டியின் ஓட்டுநரை அக்கா விரும்பினார். இருவரும் ஒரே சாதி; வித்தியாசம் பணத்தில் மட்டுமே. வீட்டில் வேறு சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். முகூர்த்த ரவிக்கை அளவு பார்க்க அக்காவை அழைத்துக்கொண்டு பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா இளைத்திருந்ததால் தைத்த ரவிக்கை தொளதொளவென்று நின்றது. அம்மா இரண்டு பக்கமும் பிடித்து குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது, “இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி தங்கச்சி” என்ற பெரியம்மா சட்டென்று அழுதுவிட்டார். தோப்புப் பத்திரம் அடமானத்தில் இருப்பதும், இந்தச் சம்பந்தம் தவறினால் கடன்காரர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் கைகளைத் தூக்கியபடியே நின்றார்.

எங்கள் மண்ணில் சாதியை விட்டுவிட்டு வசதியை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசிவிட முடியாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானாலும் ஊர்களின் உறவும் வழக்கமும் ஒன்றுதான். அந்தத் தர்மபுரியில்தான் 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். ஜாக் இறந்ததற்காகக் கண்ணீர் விட்ட ஊரில் இதுவும் நடந்தது என்பதை என்னால் இன்றும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

படத்தின் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரோஸ் துணிச்சலானவள், மீட்புக் கப்பலில் மூன்றாம் வகுப்பு மக்களோடு போர்வைக்குள் ஒளிந்திருந்து, தன் பெயரை ரோஸ் டாசன் என்று சொல்லி, ஜாக்கின் பெயரோடு புது வாழ்க்கைக்குள் இறங்குகிறாள். மாப்பிள்ளை 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் என்ன ஆனான் என்பதுகூட நமக்குச் சொல்லப்படுகிறது. மகளையும் சம்பந்தத்தையும் ஒரே இரவில் இழந்த ரூத் எப்படிப் பிழைத்தாள், ஊசியைக் கையில் எடுத்தாளா என்பதைப் படம் சொல்வதில்லை. அவள் அத்தனை பயந்த அந்த வாழ்க்கையை ஒரு காட்சியிலாவது காட்டியிருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அக்காவின் கல்யாணம் பேசியபடியே நடந்தது. தோப்பு இரண்டு வருடத்தில் கைமாறியது. பெரியம்மா இப்போது காலையில் வீட்டு வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறார். கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளும்போது, அக்காவுக்கு அன்று குண்டூசி குத்திய அதே இடத்தில்தான் நிற்கிறார்.